அப்பா கொத்தனார், நினைவுக் கூட்டத்தில் அவர் கட்டிய தப்பான படிக்கட்டைப் பற்றிப் பேசலாமா?

ஒற்றைச்சாளரம் (கேள்வி)

மூன்று வாரம் முன்பு அப்பா போய்விட்டார். 71 வயது. வருகிற ஞாயிறு ஒரு சின்ன நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம், குடும்பத்தாரும் அவரோடு வேலை பார்த்தவர்களுமாக நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். மூத்தவள் நீதான் பேச வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நான்கு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

அப்பா பதினாறு வயதில் கலவை சுமக்கப் போனவர். அப்புறம் கொத்தனார், அப்புறம் மேஸ்திரி, கடைசி இருபது வருடம் சொந்தமாக ஆள் வைத்து வீடு கட்டிக் கொடுத்தார். இனிமேல் சாரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் கீழே நின்றுகொண்டு மேலே இருப்பவரை ஏவிக்கொண்டிருந்தார். குடி கிடையாது, வெளியே சுற்றுவது கிடையாது. வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை.

நான் எழுதியதில் "அன்பான தகப்பன், கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்று இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தால், பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் வாசிக்கலாம் போலிருக்கிறது, அவர் வாழ்நாள் முழுக்க வங்கியில் வேலை பார்த்தவர்.

சிக்கல் என்னவென்றால் அப்பா பேசவே மாட்டார். எங்களோடு அவர் பேசியதை எல்லாம் கூட்டினால் "சாப்டியா, படிச்சியா, லைட்டை அணை" இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மேற்கோள் காட்ட ஒரு வாக்கியம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரே சுவாரசியமான விஷயம் எங்கள் வீட்டு மாடிப்படி. அது குடும்பத்துக்குள் ஓடும் ஒரு நகைச்சுவை. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர், சொந்த வீட்டில் படிக்கட்டில் கோட்டை விட்டார். மற்ற வீடுகளில் 17, 18 படியில் மொட்டை மாடிக்குப் போய்விடலாம், எங்கள் வீட்டில் 24. ஒவ்வொரு படியும் தாழ்வு, அகலம் வேறு. ஒரு அறை வர வேண்டிய இடத்தை அந்தப் படிக்கட்டு தின்றுவிட்டது. "எல்லாருக்கும் அளந்து கொடுத்த மனுஷன் நம்ம வீட்டுக்கு வரும்போது டேப்பைத் தலைகீழாப் பிடிச்சுட்டார்" என்று அம்மா முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா சிரிப்பார், ஒரு நாளும் மறுத்ததில்லை.

இதைக் கூட்டத்தில் சொல்லலாமா? அவரோடு வேலை பார்த்தவர்கள் முன்னால் சொன்னால் அவர் தொழிலைக் குறைத்துப் பேசிய மாதிரி ஆகுமா? வேறு எப்படித்தான் தொடங்குவது? யாராவது இப்படிப் பேசிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

நிதானம்

முதலில் ஆழ்ந்த இரங்கல். போன வருடம் என் மாமனாருக்கு நான் பேசினேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள், கண் கலங்கினால் சின்ன எழுத்து தெரியாது. இன்னொரு பிரதியைத் தம்பியிடமோ வேறு யாரிடமோ கொடுத்து வையுங்கள், பாதியில் உங்களால் முடியாமல் போனால் அவர் வந்து தொடரட்டும். எனக்கு அப்படித்தான் ஆனது, என் கொழுந்தியாள் வந்து முடித்துக் கொடுத்தார், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

விஷயம் சேர்ப்பதற்கு ஒரு வழி. அவரோடு வேலை பார்த்தவர்களிடம் "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்காதீர்கள், "தங்கமான மனுஷன்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். "அவரிடம் நீங்கள் வாங்கிய பெரிய திட்டு எது" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

படிக்கட்டுக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அழுகிற கூட்டத்துக்கு நடுவில் ஒரு சிரிப்பு வந்தால் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

கரண்டிக்காரன்

அம்மா, நான் 32 வருடமாக இதே தொழில். உங்கள் படிக்கட்டுக் கதை எனக்கு இடிக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் 24 படியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஏற்றம் (ஒரு படியின் உயரம்) எவ்வளவு, மிதி (கால் வைக்கும் இடம்) எவ்வளவு என்று. முக்கியமாக முதல் படியும் கடைசிப் படியும்.

ஏன் கேட்கிறேன் என்றால், கணக்குத் தப்பிய படிக்கட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் முதல் வீட்டில் நானே போட்டிருக்கிறேன். தப்பு எப்போதும் கீழேயோ மேலேயோ வந்து நிற்கும். பதினாறு படி ஒழுங்காக வந்துவிட்டு கடைசிப் படி மட்டும் ஒன்பது அங்குலமாக எகிறும், இல்லை நாலு அங்குலமாகச் சப்பையாகிவிடும். தரையில் ஓடு பதிக்கும் கனத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்காவிட்டால் முதல் படி மட்டும் தேய்ந்துபோன மாதிரி குறையும். ஏறுகிறவருக்குக் கால் பழகிவிடும், ஆனால் அந்த ஒரு படியில் எல்லாரும் தடுக்குவார்கள். 24 படியும் ஒரே அளவில் இருந்தால் அது கைத்தவறு இல்லை. சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, அடிப்பதற்கு முன்னால் பக்கச் சுவரில் ஒவ்வொரு படிக்கும் கோடு கிழித்துத்தான் வேலையே தொடங்கும், அந்தக் கோட்டில் 24 வந்ததைப் பார்க்காமல் ஒரு மேஸ்திரி கான்கிரீட் போட மாட்டார்.

இன்னொன்று. ஏற்றத்தை இரண்டால் பெருக்கி அதோடு மிதியின் அகலத்தைக் கூட்டினால் 24, 25 அங்குலம் வர வேண்டும், மனிதனின் நடை அளவு அது. பிரான்சில் புளொந்தெல் என்ற கட்டடக் கலைஞர் 1600-களிலேயே எழுதி வைத்த கணக்கு. எங்களுக்கு அவர் பெயர் எல்லாம் தெரியாது, கையால் கற்றதுதான். ஏழு அங்குல ஏற்றம் என்றால் மிதி பத்து. ஏற்றத்தை ஐந்தாகக் குறைத்தால் மிதி 14 வேண்டும், இல்லாவிட்டால் குட்டிக்குட்டியாகக் கால் வைத்து ஏற வேண்டியிருக்கும். அதனால்தான் தாழ்ந்த படி இடத்தைத் தின்கிறது. பத்தடி உயரம் ஏற, ஏழு அங்குலப் படிக்குச் சுமார் 13 அடி நீளம் போதும், ஐந்து அங்குலப் படிக்கு 27 அடி ஓடும். கான்கிரீட்டும் கம்பியும் கூட அதே மாதிரி கூடும். சும்மா ஒருவர் இவ்வளவு இடத்தை விட்டுக் கொடுக்க மாட்டார், அதுவும் இடத்தின் அருமை தெரிந்தவர்.

வீட்டில் முட்டி வலிக்காரர் யாராவது இருந்தார்களா? அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்

அப்பா ஒரு சுவர், அப்பா ஒரு அஸ்திவாரம், நம் வாழ்க்கை என்னும் வீட்டைக் கட்டியவர் என்று தொடங்கலாம். நான் ஒரு கவிதை எழுதித் தரட்டுமா?

பாதி_படித்தவள்

@சும்மா_வந்தவன், வேண்டாம் ப்ளீஸ். வருகிறவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே அஸ்திவாரம் தோண்டியவர்கள்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு, நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். "வேலை விட்டால் வீடு" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவும் கட்டட வேலைதான். வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், தூங்கிவிடுவார். என் பள்ளிக்கூடத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. அவர் இறந்தபோது எல்லாரும் "குடும்பத்துக்காகவே உழைத்தவர்" என்று சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. குடும்பத்துக்காக உழைத்தார் என்பது சரி. குடும்பத்தோடு இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் அப்பா அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு ஏதாவது உறுத்தல் இருந்தால் அதையும் ஒரு வரி சேருங்கள். முழுக்க முழுக்கப் புகழ்ந்து பேசினால், அவரை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் போலியாகத் தெரியும்.

ஒற்றைச்சாளரம்

எல்லாருக்கும் நன்றி. @பாதி_படித்தவள், கோபமெல்லாம் இல்லை, சரியான இடத்தில் தொட்டுவிட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் "இன்னிக்குத் தளம் போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேடையில் ஏறும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு 44 வயது, இதை எழுதும்போது தொண்டை அடைக்கிறது, பைத்தியக்காரத்தனம்தான்.

@கரண்டிக்காரன் அண்ணா, இன்னும் அளக்கவில்லை. நாளைக் காலை அம்மா வீட்டுக்குப் போகிறேன். பாட்டிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கடைசிக் காலத்தில் முட்டி வலி இருந்தது. ஆனால் அவர் எங்களோடு வந்து தங்கியது வீடு கட்டி முடித்து ஒரு வருடம் கழித்துத்தான். கட்டும்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார் என்றுதான் அம்மா சொல்வார்.

கரண்டிக்காரன்

தளம் போடும் நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை, வேலை இப்படி என்று சொல்கிறேன். காலையில் கலவை ஓட ஆரம்பித்தால் கடைசிச் சட்டி விழும்வரை யாரும் அசைய முடியாது. தண்ணீர் பட்ட சிமெண்ட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தால் பழையதும் புதியதும் ஒட்டாமல் குறுக்கே ஒரு கோடு விழும், பின்னால் மழைக்கு முதலில் ஒழுகுவது அந்தக் கோட்டில்தான். ஆள், சாரம், சென்ட்ரிங் எல்லாம் அந்த ஒரு நாளுக்காக ஏற்பாடு செய்தது. மேஸ்திரி ஒரு மணி நேரம் நகர்ந்தால் எவனாவது கலவை இளகட்டும் என்று கூடுதலாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவான், வேலை சுலபமாக இருக்கும், பலம் போய்விடும்.

நான் என் மகனின் இரண்டு பள்ளி விழாவைத் தவறவிட்டிருக்கிறேன். இந்தக் காரணம் எல்லாம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

நிதானம்

கட்டட வேலைக்காரர்கள் பாக்கெட்டில் ஒரு குறிப்பு நோட்டு வைத்திருப்பார்கள். அப்பாவுடையது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். என் மாமனாரின் டைரியில் கடன் கணக்கு மட்டும்தான் இருந்தது, ஆனால் அந்தக் கணக்கே பெரிய கதையாக இருந்தது.

ஒற்றைச்சாளரம் (மூன்று நாள் கழித்து)

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படியை அளந்தேன். தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தான், நான் எழுதினேன். 24 படியும் ஐந்து அங்குலம். கடைசிப் படியும் ஐந்து, முதல் படியும் ஐந்து. கால் அங்குலம் கூட எங்கேயும் தப்பவில்லை. மிதி எல்லாம் 14. இரண்டு தடவை அளந்தோம், தம்பி ஒன்றுமே பேசவில்லை. அண்ணா, நீங்கள் இங்கே எழுதியிருக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் நாற்பது பேர் முன்னால் நின்று அப்பா அளவு தப்பியவர் என்று சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

அன்று சாயங்காலமே அப்பாவோடு தொடக்கத்திலிருந்து வேலை பார்த்த பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். @நிதானம் சொன்ன மாதிரி, அப்பாவிடம் வாங்கிய திட்டு எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, உங்க வீட்டுப் படிதான் என்றார். அவர்தான் அந்தப் படிக்குச் சென்ட்ரிங் அடித்தவராம். "என்னண்ணே, ஆட்டுக்குட்டி ஏறுறதுக்கா படி போடுறோம்னு கேட்டேன் பாப்பா. கரண்டியைத் தூக்கி எறிஞ்சுட்டார் உங்கப்பா. அப்புறம் மத்தியானம் அவரே வந்து பக்கத்துல உட்கார்ந்து சொன்னார்."

அவர் சொன்னது இதுதான். வீடு பாதி எழும்பியிருந்தபோது பாட்டி ஒரு தடவை பார்க்க வந்திருக்கிறார். மூங்கில் சாரத்துக்குப் பக்கத்தில் வேலையாட்கள் ஏறுவதற்காகத் தற்காலிகமாக அடுக்கியிருந்த செங்கல் படியில் நாலு படி ஏறினாராம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. அம்மா அப்போது வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. அப்பா பார்த்துவிட்டார். பாட்டி அவரிடம், மகளிடம் சொல்லாதீர்கள் மாப்பிள்ளை, தெரிந்தால் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிடுவாள் என்று கேட்டுக்கொண்டாராம். அவ்வளவுதான். மறுநாள் சுவரில் 17 படிக்குப் போட்டிருந்த கோட்டை அழித்துவிட்டு 24-க்கு மறுபடி கிழித்திருக்கிறார். பெரியவருக்கும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. பாட்டி போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அவர் சொல்லச் சொல்லலையே" என்றார்.

பாட்டி எங்களோடு 11 வருடம் இருந்தார். சாயங்காலம் ஆனால் மொட்டை மாடியில் போய் உட்காராமல் அவருக்கு நாள் முடியாது. கடைசி வருடம் தவிர, தினமும் யார் கையையும் பிடிக்காமல் ஏறிப் போனவர். நான் அவர் பின்னாலேயே இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடியிருக்கிறேன்.

நோட்டும் கிடைத்தது. ஒன்று இல்லை, ஒரு சிமெண்ட் மூட்டைக்குள் கட்டி வைத்திருந்தது, எண்ணினால் 38. கட்டடக்காரர்களின் தட்டைப் பென்சிலால் எழுதியது, பல பக்கம் வியர்வையில் ஊறி அழிந்திருக்கிறது. என் பரிசளிப்பு விழாவின் தேதியைத் தேடிப் பார்த்தேன். "தளம். 112 மூட்டை. மழை இல்லை." என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அடுத்த ஏழு நாளும் "தண்ணி விட்டாச்சு" என்று காலை, மாலை இரண்டு வேளைக்கும் குறித்திருக்கிறார். கொஞ்ச நேரம் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், கான்கிரீட் மேல் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள், வந்தது.

இன்னொரு நோட்டில் ஒரு பக்கம். ஜல்லி இரண்டு லோடு, கம்பி வரவில்லை, அதற்குக் கீழே சம்பந்தமே இல்லாமல் "சின்னவன் 12 மணி 103. 2 மணி 102. 4 மணி 100. 5 மணி தூங்கினான்." அதற்கும் கீழே "6 மணி நிலை வைக்க ஆள் வரும்." தம்பிக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சல் அது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது அம்மா என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கேட்டால், "நான் முந்தின ராத்திரி முழிச்சேன், அன்னைக்கு அவர் என்னைத் தூங்கச் சொல்லிட்டார்" என்கிறார், ஏதோ மின்கட்டணம் யார் கட்டியது என்று சொல்கிற மாதிரி.

@பாதி_படித்தவள், பரிசு விழாவையும் 112 மூட்டையையும் அப்படியே சொல்லப் போகிறேன், காய்ச்சல் பக்கத்தையும் சேர்த்து. எது பெரிசு என்று தராசு பிடிக்கப் போவதில்லை.

பாதி_படித்தவள்

எனக்கும் அப்பாவின் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். எரிந்தது எரிந்ததுதான், இருந்தாலும் பார்க்கலாம் என்று.

கரண்டிக்காரன்

சுவரில் 17 கோட்டை அழித்து 24 கிழித்தார் என்று படித்தவுடன் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன். அந்த ஒரு கோட்டை மாற்றினால் மாடியில் விட்ட திறப்பு மாறும், உத்தரம் மாறும், கீழே அறைச் சுவர் மாறும். வரைபடத்தையே திரும்பப் போட்டிருப்பார். பெரியவரைக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார வையுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

ஒற்றைச்சாளரம்

நேற்று ராத்திரி சொன்னேன். மேடையில் முதல் தடவையாகக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஏழாவது எட்டாவது படியில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம். தம்பி போய் விளக்கைப் போட்டான், அணைக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் இறங்கி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் ஒரு ரூம் குறைச்சல்தான்" என்றார்.